பாறையின் பெறுமதியும் மலையின் பெறுமதியும்: ஒடிசாவின் பொக்சைற்றுப் படிவுகள் மதிப்பிடப்பட்ட வரலாறு

கனிப்பொருள் வளங்களின் வரலாறு பெரும்பாலும் அகழ்வின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சுரங்கம் எவ்வாண்டில் திறக்கப்பட்டது, எத்தனை தொன் எடுக்கப்பட்டது, எவ்வளவு வருவாய் கிட்டியது என்பனவே அதில் முதன்மை பெறுகின்றன. ஆயின் முதலாவது இயந்திரம் நிலத்தைத் தொடுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே அந்நிலம் தேடப்பட்டு, துளைக்கப்பட்டு, அளக்கப்பட்டு, மதிப்பிடப்பட்டு விடுகின்றது. அம்மதிப்பீட்டைச் செய்தோர் யாவர், அவர்கள் எதனை அளந்தனர், எதனை அளவாது விட்டனர் என்னும் வினாக்கள் வரலாற்று மாணவரின் கவனத்தை அதிகம் பெறவில்லை. இந்தியாவின் கிழக்குத் தொடர் மலையில், ஒடிசா மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ள பொக்சைற்றுப் படிவுகளின் வரலாற்றை இவ்வினாக்களின் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லும் அதன் பெயரும்

பொக்சைற்று என்பது தனியொரு கனிப்பொருளன்று. அலுமினியத்தின் நீரேற்றிய ஒட்சைட்டுக்கள் இரும்பு ஒட்சைட்டு, சிலிக்கா முதலியவற்றோடு கலந்து காணப்படும் ஒருவகைச் செந்நிறப் பாறையே அவ்வாறு அழைக்கப்படுகின்றது. வெப்பமும் மழையும் மிக்க பிரதேசங்களில், பாறைகள் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக வானிலையாலழிந்து, கரையக்கூடிய பொருள்கள் மழைநீருடன் கழுவிச் செல்லப்பட, கரையாத அலுமினியமும் இரும்பும் எஞ்சி நிற்பதால் இது தோன்றுகின்றது. எனவே இது பொதுவாக நிலத்தின் ஆழத்திலன்றி மேற்பரப்பை அண்டியே, பல இடங்களில் உயர்ந்த மலைகளின் தட்டையான உச்சிகளில், ஒரு போர்வை போன்று பரந்து கிடக்கும். இதனை அகழ்வதற்குச் சுரங்கப்பாதை வேண்டியதில்லை. மலையின் உச்சியையே நீக்கவேண்டும். பின்னர் எழுந்த முரண்பாடுகள் யாவும் இவ்வெளிய புவியியல் உண்மையிலிருந்தே தோன்றின எனலாம்.

1821ஆம் ஆண்டில் பியர் பேர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் தென் பிரான்சிலுள்ள லே போ என்னும் ஊருக்கண்மையில் இப்பாறையை ஆராய்ந்தார். அவ்வூரின் பெயரே பாறைக்கும் பெயராயிற்று. எனினும் இதற்கு வணிகப் பெறுமதி ஏற்பட மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1886இல் அமெரிக்காவில் சாள்ஸ் மாட்டின் ஹோலும் பிரான்சில் போல் ஏரூவும் ஒருவரையொருவர் அறியாது, மின்பகுப்பு மூலம் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். சிறிது காலத்தின் பின் காள் ஜோசெப் பேயர் என்பவர் எரிசோடாவைக் கொண்டு பொக்சைற்றிலிருந்து அலுமினாவைப் பெறும் முறையை வகுத்தார். இவ்விரு முறைகளும் இணைந்த பின்னரே செம்மண்ணாகக் கிடந்தது செல்வமாகக் கணிக்கப்பட்டது.

இந்தியாவைப் பொறுத்தவரை, பிரான்சிஸ் புக்கானன் என்னும் பிரித்தானியர் மலபாரில் வெட்டுகல்லாகப் பயன்படும் செந்நிறப் பாறையை அவதானித்து, 1807இல் வெளிவந்த தம் பயண நூலில் அதற்கு 'லற்றரைற்று' எனப் பெயரிட்டார். நாம் செம்பூரான் கல் என வழங்குவது இதனையே. செம்பூரான் கற்களுட் சில அலுமினியம் செறிந்தவை, அவை பொக்சைற்றுக்கு ஒப்பானவை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே தெளிவாயிற்று.

இக்காலத்திலேயே இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சார்ந்த ரி. எல். வோக்கர் என்பவர் காலஹண்டி சமஸ்தானத்தை ஆராய்ந்தார். அங்கு மலைகளின் அடித்தளமாக அமைந்த, செம்மணியும் சிலிமனைற்றும் கொண்ட உருமாறிய பாறைக்கு அவர் 1902இல் 'கொண்டலைற்று' என்னும் பெயரைச் சூட்டினார். அம்மலைகளில் வாழும் கொந்தர் என்னும் பழங்குடி மக்களின் பெயரிலிருந்தே அப்பெயர் எடுக்கப்பட்டது. இவர்கள் பேசும் குயி, குவி ஆகிய மொழிகள் தமிழோடு உறவுடைய திராவிட மொழிகளாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகளுள்ளும் கொண்டலைற்று வகை அடங்குவதால், இந்நாட்டுப் புவியியல் மாணவருக்கும் இப்பெயர் புதிதன்று. ஆயின் அப்பெயருக்குப் பின்னால் ஒரு மக்கட் கூட்டம் உண்டு என்பதை அறிந்தோர் சிலரேயாவர். பாறைக்குத் தம் பெயரைத் தந்த அம்மக்கள் அப்பாறையின் எதிர்காலம் பற்றிக் கருத்துக் கூற அழைக்கப்பட, அதன்பின் நூற்றுப்பதினொரு ஆண்டுகள் சென்றன.

குடியேற்றவாத ஆட்சியின் மதிப்பீடு

முதலாம் உலகப்போரின் பின்னர் அலுமினியம் ஒரு போர்க்கால உலோகமாக மதிக்கப்பட்டது. ஆகாய விமானங்களுக்கு அது இன்றியமையாததாயிற்று. இச்சூழலில் சிறில் பொக்ஸ் என்னும் புவிச்சரிதவியலாளர் இந்தியாவின் பொக்சைற்றுப் படிவுகள் பற்றிய விரிவான அறிக்கையொன்றை 1923இல் வெளியிட்டார். 1932இல் இப்பொருள் பற்றிய தனிநூலொன்றையும் அவர் எழுதினார். ஏறக்குறைய இதே காலத்தில், 1930களின் தொடக்கத்தில், ராய்ப்பூரையும் விஜயநகரத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை நிறைவெய்தியது. விசாகப்பட்டினத்துத் துறைமுகமும் திறக்கப்பட்டது. மலையிலிருந்து கடலுக்கு வழி உண்டாயிற்று.

ஆயினும் இம்மலைகள் உடனடியாகத் தோண்டப்படவில்லை. ஒரு தொன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய இரண்டு தொன் அலுமினா வேண்டும். அதற்கு நான்கு முதல் ஐந்து தொன் பொக்சைற்று வேண்டும். இவற்றினும் மேலாகப் பெருந்தொகையான மின்சாரம் வேண்டும். அக்காலத்தில் இப்பகுதியில் அத்தகைய மின்சாரம் இருக்கவில்லை. எனவே இந்தியாவின் முதலாவது அலுமினியம் நீர்மின்வலு கிடைத்த கேரளத்தின் அலுபுரத்திலேயே 1943இல் உருக்கி எடுக்கப்பட்டது. இதே காரணமே பிற்காலத்தில் தமிழ்நாட்டின் மேட்டூரிலும் ஓர் அலுமினியத் தொழிற்சாலை தோன்ற வழிகோலியது. அருகிலுள்ள சேர்வராயன் மலையின் பொக்சைற்றையும் மேட்டூர் அணையின் மின்சாரத்தையும் நம்பி அது 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. மண்ணில் உள்ள பொருள் மட்டும் வளமாகாது. அதனை எடுத்துச் செல்லும் பாதையும் உருக்கும் ஆற்றலும் வாங்கும் சந்தையும் கூடும்பொழுதே அது வளமாகக் கணிக்கப்படுகின்றது என்பதற்கு இவை சான்றாகும்.

துளையும் கட்டமும்

சுதந்திரத்தின் பின்னர் இம்மதிப்பீட்டுப் பணி அரசாங்கத் திணைக்களங்களின் கைக்கு மாறியது. 1970களில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் ஒடிசாவிலும் ஆந்திரத்திலும் கிழக்குத் தொடர் மலையின் உச்சிகளில் மிகப்பெரும் படிவுகள் உள்ளமையை நிலைநாட்டின. இத்தகைய ஆய்வு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சுருக்கமாக அறிந்து கொள்ளுதல் நன்று.

முதலில் வான்வழிப் படங்களைக் கொண்டு தட்டையான உச்சிகளும் மரங்கள் அருகிய புல்வெளிகளும் இனங்காணப்படுகின்றன. பொக்சைற்றுப் போர்வையின் மேற்பரப்பில் பெருமரங்கள் எளிதில் வளர்வதில்லையாதலால், வெறுமையான உச்சியே படிவுக்கு ஓர் அடையாளமாகின்றது. பின்னர் ஆய்வாளர் மலையேறிக் குழிகள் வெட்டி மாதிரிகளை எடுக்கின்றனர். அதனையடுத்து உச்சிப் பரப்பு முழுவதும் சதுரக் கட்டங்களாக வகுக்கப்பட்டு, கட்டங்களின் மூலைகள் தோறும் துளைகள் இடப்படுகின்றன. தொடக்கத்தில் அகன்ற கட்டங்களும், படிவு உறுதியான பின்னர் நெருங்கிய கட்டங்களும் அமைக்கப்படும். துளையிலிருந்து வரும் மண் சிற்றளவான ஆழத்துக்கொரு மாதிரியாகப் பிரிக்கப்பட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படும். அங்கு அலுமினாவின் வீதமும் சிலிக்காவின் வீதமும் கணிக்கப்படுகின்றன. அலுமினா மிகுதியாக இருத்தல் மட்டும் போதாது. களிமண்ணிற் கலந்துள்ள சிலிக்கா எரிசோடாவை விழுங்கி உற்பத்திச் செலவை உயர்த்துமாதலால் அது குறைவாகவும் இருத்தல் வேண்டும். படிவின் தடிப்பு, பரப்பு, அடர்த்தி ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் தொகையே 'இருப்பு' எனப்படுகின்றது.

இவ்வளவுகோல்களின்படி கிழக்குத் தொடர் மலையின் படிவுகள் மிக உயர்ந்த தரத்தனவாகக் காணப்பட்டன. கோராபுட் மாவட்டத்துப் பஞ்சபத்மாலி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கடல் மட்டத்துக்கு மேல் 1,154 மீற்றர் முதல் 1,366 மீற்றர் வரை உயரமுடைய அம்மலையில் 31 கோடித் தொன் பொக்சைற்று உள்ளதென மதிப்பிடப்பட்டது. சராசரியாக 3 மீற்றர் மேல்மண்ணை நீக்கினால், அதன்கீழ் 14 மீற்றர் தடிப்பான படிவு. அதில் அலுமினா ஏறக்குறைய 45 வீதம், சிலிக்கா 3 வீதம் மாத்திரமே. 1981இல் இந்திய அரசாங்கம் தேசிய அலுமினியக் கம்பனியை நிறுவியது. பிரான்சின் பெசினே நிறுவனம் தொழில்நுட்ப உதவியை நல்கியது. 1980களின் நடுப்பகுதியில் அகழ்வு தொடங்கப்பெற்று, தாமன்ஜோடியில் அலுமினா ஆலையும் அங்குலில் உருக்காலையும் எழுந்தன.

இம்முயற்சியின் பயனை மறுத்தல் நேர்மையாகாது. மின்கம்பி முதல் சமையற்பாத்திரம் வரை பயன்படும் ஓர் உலோகத்தில் நாடு தன்னிறைவை நோக்கிச் செல்லவும், பின்தங்கிய மாவட்டமொன்றில் கைத்தொழில் தோன்றவும் அது வழிவகுத்தது. ஆயின் ஆலைக்காக நிலமிழந்த பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றின் இழப்பு அவ்விருப்புக் கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை. அவ்விழப்பின் செய்தி மலைகள் தோறும் பரவியது. 1980களில் கந்தமர்த்தன் மலையில் அரச கம்பனியொன்று மேற்கொள்ளவிருந்த பொக்சைற்று அகழ்வு மக்கள் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் காசிப்பூர்ப் பகுதியில் மைக்காஞ்சு என்னும் கிராமத்தில் பொலிசார் சுட்டதில் பழங்குடியினர் மூவர் உயிரிழந்தனர்.

நியம்கிரியின் இரு கணக்குகள்

இம்முரண்பாடு முழுமையாக வெளிப்பட்ட களம் நியம்கிரியாகும். காலஹண்டி, ராயகடா ஆகிய மாவட்டங்களின் எல்லையில் எழும் இம்மலைத்தொடரில் கொந்தருள் ஒரு பிரிவினரான டொங்கிரியா கொந்தர் ஏறக்குறைய 8,000 பேர் வாழ்கின்றனர். மலைச்சரிவுகளில் அன்னாசி, வாழை, மஞ்சள், இஞ்சி முதலியவற்றைப் பயிரிட்டு, அவற்றை அடிவாரச் சந்தைகளில் விற்று வாழ்வோர் இவர்கள். மலையின் தலைவனாக நியமராஜா என்னும் தெய்வத்தை வழிபடுபவர்கள். உச்சியில் மரம் வெட்டலாகாது என்பது அவர்களது வழமை.

புவிச்சரிதவியலாளரின் கணக்கில் இம்மலையுச்சியின் ஒரு பகுதி 7 கோடித் தொன்னுக்கு மேற்பட்ட பொக்சைற்றாகும். ஒடிசா சுரங்கக் கூட்டுத்தாபனமும் வேதாந்தா குழுமத்தைச் சார்ந்த ஸ்டெர்லைற்று நிறுவனமும் இதனை அகழத் திட்டமிட்டன. இதற்கென 660 ஹெக்டேயர் வனநிலம் கோரப்பட்டது. ஆண்டுக்கு 30 இலட்சம் தொன் எடுப்பதாயின் அவ்விருப்பு கால் நூற்றாண்டுக்குள் முடிந்துவிடும். அடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலைக்கு 2004 செப்டெம்பரில் சுற்றாடல் அனுமதி வழங்கப்பட்டது. மலையை அகழ்வதற்கு அனுமதி கிட்டுமுன்னரே ஆலை எழுந்தது என்பது கவனத்துக்குரியது. மதிப்பீடு முடிவுக்கு வழிகாட்டுவதற்குப் பதிலாக, முன்னரே எடுக்கப்பட்ட முடிவுக்கு மதிப்பீடு துணைசெய்ய வேண்டிய நிலை இதனால் உண்டாயிற்று.

மலையுச்சிப் படிவுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. நுண்துளைகள் நிறைந்த அப்போர்வை பருவமழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஊற்றுகளாகவும் ஓடைகளாகவும் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது. வம்சதாரா ஆறு இம்மலையிலேயே ஊற்றெடுக்கின்றது. அகழ்வினால் இந்நீர்நிலைகளுக்கு யாது நேரும் என்ற வினாவுக்கு இரு அரச நிறுவனங்கள் முரண்பட்ட விடைகளை அளித்தன. இந்திய வனவிலங்கு நிறுவனம் நீருக்கும் விலங்கினங்களுக்கும் கேடு நேருமெனச் சுட்டியது. சுரங்கத் திட்டமிடல் நிறுவனமோ நீர்வளத்துக்குப் பாரிய தீங்கு இல்லையெனக் கூறியது. இருவரும் அறிவியலாளரே; இருவரும் ஆராய்ந்தது ஒரே மலையையே. கேட்கப்படும் வினாவும் கேட்போரின் நோக்கும் வேறுபடும்பொழுது விடையும் வேறுபடுகின்றது என்பதையே இது உணர்த்துகின்றது.

2005இல் உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு அகழ்வுக்கு எதிராக அறிக்கை சமர்ப்பித்தது. எனினும் 2008 ஆகஸ்டில் நீதிமன்றம் நிபந்தனைகளுடன் இசைவு வழங்கியது. இதற்கிடையில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைகள் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. வனத்தை நம்பி வாழ்வோரின் தனியுரிமைகளையும் கூட்டுரிமைகளையும் இச்சட்டம் ஏற்றுக்கொண்டதோடு, அவற்றை நிர்ணயிக்கும் பணியைக் கிராம சபைகளிடமிருந்து தொடங்குமாறும் விதித்தது. என். சி. சக்சேனா தலைமையிலான குழு 2010 ஆகஸ்டில் இச்சட்டம் மீறப்பட்டுள்ளதென அறிக்கையிட்டது. சில நாட்களில் மத்திய சுற்றாடல் அமைச்சு வன அனுமதியை மறுத்தது. மாநிலக் கூட்டுத்தாபனம் இதனை எதிர்த்து மீண்டும் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

மூன்றாவது மதிப்பீடு

2013 ஏப்ரல் 18ஆந் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். அகழ்வு மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகளைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து தெரிவிக்க வேண்டுமென நீதிமன்றம் பணித்தது. நியமராஜாவை வழிபடும் உரிமை எவ்வகையிலேனும் பாதிக்கப்படுமாயின் அது பேணப்பட வேண்டுமென்றும் அது கூறியது.

மலையைச் சார்ந்து நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருந்தும் மாநில அரசாங்கம் 12 கிராமங்களை மட்டுமே தெரிவு செய்தது. இது அப்போதே கண்டனத்துக்குள்ளாயிற்று. 2013 ஜூலை 18 முதல் ஆகஸ்டு 19 வரை, மாவட்ட நீதிபதி ஒருவரின் முன்னிலையில், ராயகடாவில் 7 கிராமங்களிலும் காலஹண்டியில் 5 கிராமங்களிலும் சபைகள் கூடின. டொங்கிரியா கொந்தர் மாத்திரமன்றி அவர்களோடு வாழும் ஏனைய சமூகத்தினரும் அவற்றிற் பங்குகொண்டனர். தெய்வத்தின் இடம் அகழ்வுப் பகுதிக்குத் தொலைவில் உள்ளது என்னும் வாதத்துக்கு, தெய்வம் ஓரிடத்திலன்றி மலை முழுவதிலும் உறைகின்றது என அவர்கள் மறுமொழி கூறினர். நீரூற்று, தோட்டம், மூலிகை, மேய்ச்சல், இடுகாடு யாவும் அவர்களது கணக்கில் இடம்பெற்றன. பன்னிரண்டு சபைகளும் ஒருமனதாக அகழ்வை நிராகரித்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசாங்கமும் அம்முடிவை ஏற்று அனுமதியை இறுதியாக மறுத்தது.

இதனை அறிவியலுக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமாகக் கொள்வது பொருந்தாது. மலையுச்சியில் மரம் வெட்டலாகாது என்னும் விதி சமய மொழியிற் கூறப்பட்டதாயினும், நீரைக் காக்கும் நடைமுறை அறிவு அதில் அடங்கியிருந்தது. துளைகளும் ஆய்வுகூடமும் பாறையில் எவ்வளவு அலுமினா உண்டு என்பதைத் துல்லியமாகக் கூற வல்லன. அதனை எடுத்துவிட்டால் எஞ்சுவது யாது, எடுப்பதா விடுப்பதா என்பதைத் தீர்மானிக்கும் தகுதி யாருக்கு உண்டு என்பன அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

முடிவுரை

இவ்வரலாறு நியம்கிரியோடு முடிவுறவில்லை. லாஞ்சிகர் ஆலை மூடப்படவில்லை. வேறிடங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட பொக்சைற்றைக் கொண்டு அது இயங்கிற்று. 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைகள் நிறைவேற்றப்பட்டமையை உறுதி செய்யும் பொறுப்பை மாநில அரசாங்கங்களின் கையில் விட்டன. 2023இல் அதே நிலப்பரப்பிலுள்ள சிஜிமாலி என்னும் மலையின் படிவு, 30 கோடித் தொன்னுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்டு, ஏலமுறையில் வேதாந்தா நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதனை எதிர்த்தோர் பலர் அவ்வாண்டில் கைது செய்யப்பட்டனர். ஒரு மலையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி அடுத்த மலையில் மீண்டும் போராடிப் பெறவேண்டியதாகவே உள்ளது.

அலுமினியம் உலகுக்கு வேண்டாத பொருளன்று. மின்சாரத்தைக் கொண்டு செல்லவும் போக்குவரத்து வாகனங்களை இலேசாக்கவும் அதன் தேவை பெருகியே வருகின்றது. எனவே பொக்சைற்று எங்கேனும் அகழப்பட்டே தீரும். எங்கு, எவ்வளவு, யாருடைய இசைவோடு என்பனவே வினாக்களாகும். வோக்கரின் காலத்தில் பாறை மட்டும் ஆராயப்பட்டது. பொக்சின் காலத்தில் பாறையோடு பாதையும் துறைமுகமும் சேர்த்து எண்ணப்பட்டன. பிற்காலத்தில் நீரும் வனமும் கணக்கிற் சேர்ந்தன. 2013இலேயே அங்கு வாழும் மக்களின் தீர்ப்பும் மதிப்பீட்டின் ஒரு கூறாயிற்று. நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மை ஒன்றே. ஒரு படிவின் இருப்பை அளத்தல் புவிச்சரிதவியலாளரின் பணி. அப்படிவின் மேல் வாழ்வோரைக் கேளாது செய்யப்படும் மதிப்பீடு, எத்துணைத் துல்லியமான எண்களைக் கொண்டதாயினும், அரைக் கணக்கேயாகும். பாறைக்கு ஒரு மக்களின் பெயரைச் சூட்டுதல் எளிது. அம்மக்களின் சொல்லுக்கு அப்பாறையின் மேல் உரிய இடத்தை அளித்தலே அரிய பணியாகும்.